இழுவை எங்கே போனது?

சிங்கப்பூர் சைனாடவுன் அப்பர் கிராஸ் ஸ்திரீட்டில் அலுவலகம் வைத்து மின் ஒப்பந்த வேலை செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் 2018இல் பதிவான டர்போ டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. "ஒரு வருடமாக வண்டியில் இழுவை இல்லை. சரக்கோடு மேம்பாலம் ஏறினால் திணறுகிறது. டீசல் அதிகம் குடிக்கிறது. டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைப் போட்டு அணைத்துத் தருகிறார்கள், மூன்று வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்தால் புது வண்டி மாதிரி பாயும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?" என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்த வண்டிக்கு இருந்த பலம் இத்தனை வருடத்தில் எங்கோ கசிந்து போயிருக்கிறது. அது எங்கே போனது என்று தெரியாமல் மேலும் பலம் ஏற்றுவது, அடைத்துக்கொண்ட குழாயைச் சுத்தம் செய்யாமல் பெரிய மோட்டார் மாட்டுவது போன்றது. என்னிடம் ட்யூனிங் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது, இழந்ததைத் திரும்பப் பெறுவதுதான். அதற்கு ஆகும் செலவும் குறைவு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டீசல் இன்ஜினின் பலம் அது உள்ளிழுக்கும் காற்றில் இருக்கிறது. டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். எரிவதற்குக் காற்று போதவில்லை என்றால் மிச்சம் கரியாகிவிடும். அந்தக் காற்றை அமுக்கித் தருவதுதான் டர்போவின் வேலை. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இலேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது. வெளியேறும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆகவே காற்று, ஆயில், சூடு ஆகிய மூன்றையும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் டர்போ டீசல் இன்ஜின் மிக நீண்ட நாள் உழைக்கும்.

நம் ஊரில் இந்த மூன்றையும் கெடுப்பது சேறோ மலையோ அல்ல. குறுகிய தூரம்தான் கெடுக்கிறது.

சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரை தீமிதித் திருவிழாவில் பக்தர்கள் நடந்தே வருகிறார்கள். ஏறத்தாழ 4 கிலோமீட்டர். நம் வாசகரின் வண்டி நாள் முழுவதும் ஓடுவதும் அந்த வட்டாரத்துக்குள்தான். ஜாலான் புசாரில் ஒயரும் குழாயும் ஏற்றி, தேக்காவில் ஒரு வேலையிடம், ஊட்ரமில் ஒரு வேலையிடம், திரும்ப சைனாடவுன் என்று போகிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று, இன்ஜின் முழுச் சூட்டை எட்டும் முன்பே அணைக்கப்படுகிறது. டீசல் இன்ஜினுக்கு இதைவிடக் கடினமான வாழ்க்கை கிடையாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு மலைப்பாதையில் ஏறும் ஜீப்புகளைப் பார்த்தால் நமக்குப் பாவமாக இருக்கும். ஆனால் சுமையோடு நன்றாகச் சூடேறி ஓடும் இன்ஜினில் கரி தங்குவது குறைவு. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் முதல் கியரில் நகரும் வண்டியின் உள்ளேதான் அது அடுக்கடுக்காகப் படிகிறது.

கிலோமீட்டர் கணக்கும் இதனால்தான் ஏமாற்றுகிறது. விரைவுச்சாலையில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 5,000 கிலோமீட்டர் ஓட எடுத்துக்கொள்வது சுமார் 83 மணி நேரம். நகருக்குள் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அதே 5,000 கிலோமீட்டருக்கு 250 மணி நேரம் ஆகும். மீட்டர் காட்டுவது ஒரே எண்ணாக இருந்தாலும் இன்ஜின் மூன்று மடங்கு நேரம் உழைத்திருக்கிறது. வண்டியோடு வந்த கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று தனியாக ஒரு அட்டவணை இருக்கும். நமக்குப் பொருந்துவது அந்தப் பக்கம்தான். சாதாரண அட்டவணை 10,000 கிலோமீட்டர் என்றால், சைனாடவுன் வண்டிக்கு 5,000 கிலோமீட்டரிலோ ஆறு மாதத்திலோ, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலை மாற்றிவிடுங்கள்.

காற்றிலிருந்து தொடங்குங்கள்

வாசகர் வண்டியில் நான் முதலில் திறக்கச் சொல்வது ஏர் பில்டர் பெட்டியை. பில்டரைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, பில்டருக்கு அப்பால் டர்போவை நோக்கிப் போகும் குழாயின் உள்பக்கத்தைத் துடையுங்கள். துணியில் மண் நிறத்தில் நொறுநொறுவென்று ஏதாவது ஒட்டினால் பில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டுமானத் தளத்துச் சிமென்ட் தூசி டர்போ இறக்கைகளையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புத்தாள் போல அரித்துவிடும். பில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது எல்லா இடத்திலும் நடக்கிறது. அழுத்தம் கூடினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஒரு பில்டரில் மிச்சம் பிடிக்கும் காசு ஒரு டர்போவின் விலைக்கு எந்த மூலைக்கும் காணாது. அழுக்கானால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, டர்போவிலிருந்து, அமுக்கிய காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள். சில வருடங்களுக்கு முன் தேக்கா சந்தைக்குக் காய்கறி இறக்கும் தம்பி ஒருவர் பழைய பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்தார். டிபிஎஃப் இல்லாத மாடல். ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் கரும்புகை, முன்னால் வேகமே இல்லை.

"டர்போ போயிடுச்சாம்ணே. புதுசு மாத்தணும்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல சொல்லிட்டாங்க. நான் ஓட்டிக் கெடுத்துட்டேன்னு முதலாளி நினைக்கிறாரு" என்றார்.

டர்போவைக் கழற்றும் முன் குழாய்களைத் தடவிப் பார்த்தேன். இன்டர்கூலரின் கீழ்க் குழாயில் கிளாம்ப் உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் விரல் ஈரமானது. ஆயிலும் தூசியும் கலந்த கறுப்புப் பிசுக்கு. கண்ணாடி ஒன்றைக் கீழே பிடித்துக் குழாயை மடக்கினேன். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல் வாய் திறந்தது. இன்ஜின் சும்மா ஓடும்போது அந்தக் கீறல் மூடிக்கொள்ளும், யார் கண்ணிலும் படாது. காற்றழுத்தம் ஏறும் நொடியில் மட்டும் திறந்து, டர்போ அமுக்கிய காற்றை வெளியே விட்டுவிடும். குழாயும் இரண்டு கிளாம்ப்பும் மாற்றினோம். வண்டி அன்று மதியமே பழைய இழுவையோடு சந்தைக்குத் திரும்பியது. டர்போவில் ஒரு குறையும் இல்லை.

வாசகர் கவனிக்க வேண்டியது இதுதான். பழைய வண்டியில் காற்று கசிந்தால் கரும்புகை வந்து காட்டிக்கொடுக்கும். சிங்கப்பூரில் 2018 ஜனவரி முதல் பதிவாகும் டீசல் வண்டிகள் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். அவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அதே கசிவு இந்த வண்டியில் ஏற்பட்டால் புகை வெளியே வராது. கரி முழுவதும் டிபிஎஃப் உள்ளே போய் அடையும். சில வாரத்தில் விளக்கு எரியும். விளக்கை அணைப்பதால் கரி போகாது. உங்கள் விளக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால் ஓட்டும் விதம் ஒரு காரணமாக இருக்கலாம், காற்றுக் கசிவு இன்னொரு காரணமாக இருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் குழாய்களுக்குள் புகை செலுத்திக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. இன்ஜின் ஆறியபின் புகைக்குழாயின் நுனி உள்பக்கத்தை ஒரு டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் நன்றாக இருக்கும் வண்டியில் டிஷ்யூ பெரிதாகக் கறுக்காது. கரி அப்பிக்கொண்டு வந்தால் உள்ளே வடிகட்டி விரிசல் விட்டிருக்கலாம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் இந்த டிஷ்யூவை மறக்க வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் டிபிஎஃப்பை உள்ளே குடைந்து எடுத்திருந்தாலும் இதில் தெரிந்துவிடும்.

ஆயில் குச்சி சொல்லும் சேதி

ஆயில் குறைகிறதா என்று பார்க்கத்தான் எல்லோரும் குச்சியை உருவுகிறார்கள். டிபிஎஃப் வண்டியில் ஆயில் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். டிபிஎஃப்பில் சேரும் கரியை எரிக்க உள்ளே சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்கப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள்ளேயே கடைசி நேரத்தில் கூடுதல் டீசலைப் பீய்ச்சுகின்றன. எரிப்பு பாதியில் இருக்கும்போதே ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டால், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து முயற்சி நடக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். குச்சியில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறதா? மோந்து பாருங்கள், டீசல் வாசம் அடிக்கும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் தண்ணீர் மாதிரி வழுக்கும். ஒரு லட்சம் சுற்றில் ஓடும் டர்போத் தண்டை இந்த நீர்த்த ஆயில் தாங்காது. கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருக்காமல் அன்றே மாற்றிவிடுங்கள்.

எந்த ஆயில் என்பதிலும் கண்டிப்பு வேண்டும். டிபிஎஃப் உள்ள சிறிய ஜப்பானிய டீசல் வண்டிகளுக்கு டப்பாவில் ஜாசோ டிஎல்-1 என்ற குறி இருக்கும், பெரிய லாரிகளுக்கு டிஹெச்-2, ஐரோப்பிய வண்டிகளுக்கு ஏசிஇஏ (ACEA) சி வரிசை. உங்கள் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே ஊற்றுங்கள். இவை சாம்பல் குறைந்த ஆயில்கள். டிபிஎஃப்பில் சேரும் கரி எரிந்துபோகும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய லாரி ஆயிலை ஊற்றினால் டிபிஎஃப்பின் ஆயுளைக் குறைக்கிறோம்.

டீசல் பில்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைய இன்ஜெக்டர்கள் 2,000 பார் அளவு அழுத்தத்தில் வேலை செய்கின்றன. அவற்றுக்கு உயவாக இருப்பதும் டீசலே. ஒரு துளி தண்ணீர் புகுந்தாலும் உள்ளே துருவும் தேய்மானமும் தொடங்கிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாதி காலியான டேங்கில் இரவில் ஈரம் வேர்த்து இறங்கும். ஆகவே வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம். மாதம் ஒருமுறை இன்ஜினை அணைத்துவிட்டு, பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் பிடியுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவாக ஒரு கோடு விழுந்து தண்ணீர் தனியே நின்றால், அது இல்லாமல் போகும்வரை வடித்துவிடுங்கள். சிங்கப்பூர் பம்புகளில் 2013 ஜூலை முதல் 10 பிபிஎம் கந்தக அளவுள்ள டீசல்தான் வர வேண்டும் என்று விதி இருப்பதால் எரிபொருளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வேலைத்தளத்தில் மாதக்கணக்காகக் கிடக்கும் டிரம் டீசலை மட்டும் தொடாதீர்கள். மலேசியாவுக்குள் வண்டி எடுத்துப்போகிறவர்கள், அங்குள்ள டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த உயிரி டீசல் கலந்திருப்பதை நினைவில் வையுங்கள். அது ஈரத்தை அதிகம் ஈர்க்கும், டேங்கின் பழைய படிவையும் கிளப்பிவிடும். பில்டரைச் சற்று முன்னதாகவே மாற்றிக்கொள்வது நல்லது.

இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செப்பு வளையம் இருக்கிறது. அது கசிந்தால் இன்ஜின் சத்தத்தோடு 'டிக் டிக்' என்று ஓர் ஓசை சேரும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பு கட்டும். சின்ன விஷயம் என்று விட்டுவிட்டால் எரிந்த வாயு ஆயிலுக்குள் கலந்து, ஆயில் கெட்டியாகி, அடியிலிருக்கும் ஆயில் உறிஞ்சும் வலையையே அடைத்துவிடும். பிறகு ஆயில் இருந்தும் இன்ஜின் ஆயில் இல்லாமல் ஓடும். இன்ஜெக்டரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புது வளையம் போடச் சொல்லுங்கள்.

ஈஜிஆர் வால்வும் காற்று நுழையும் மேனிஃபோல்டும் கரி சேரும் இடங்கள். எரிந்த வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்புவது ஈஜிஆர்; அந்தக் கரியும் இன்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து ஈரக்களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். கட்டை விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல் நுழையாத நிலையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கழற்றிச் சுத்தம் செய்வது ஒரு நாள் வேலை. ரீமேப்புக்கு வைத்திருக்கும் பணத்தை இங்கே செலவழித்தால் அதன் பலன் பெடலை மிதித்ததுமே தெரியும். ஸ்ப்ரே அடித்து உள்ளேயே கரைத்துவிடலாம் என்று விற்கப்படும் டப்பாக்களை இவ்வளவு தடிப்பான படிவுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. பெயர்ந்த கட்டி உள்ளே போனால் யார் பொறுப்பு?

கூலன்ட்டைக் கையேட்டில் உள்ளபடி மாற்றுங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினா, செயின் உள்ளதா என்று தெரிந்துகொள்ளுங்கள். டொயோட்டா பிக்கப்புகளில் பழைய கேடி வரிசைக்குப் பெல்ட், பின்னால் வந்த ஜிடி வரிசைக்குச் செயின். பெல்ட்டின் தவணையை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

வாரத்தில் ஒரு இரவு

பழுது எல்லாம் பார்த்த பிறகும் ஓட்டும் விதம் மாறாவிட்டால் ஆறு மாதத்தில் பழைய கதைதான். வாரத்தில் ஒருமுறை, போக்குவரத்து குறைந்த நேரத்தில், சைனாடவுனிலிருந்து கிளம்பி ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் போய்த் திரும்புங்கள். நிற்காமல் இருபது முப்பது நிமிடம் ஓட வேண்டும். பிக்கப் போன்ற இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கு விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர்தான் உச்சவேகம். அதனால் கடைசி கியரில் போட்டு இன்ஜினைச் சோம்பலாக ஓட விடாமல், ஒரு கியர் குறைத்து 2,000 முதல் 2,500 சுற்றில் வையுங்கள். வாயுவின் சூடு ஏறும், டர்போவின் உள்ளே திறந்து மூடும் இதழ்கள் முழுவதுமாக அசையும், டிபிஎஃப் தன் வேலையை முடிக்கும். வேலைப் பயணத்திலேயே இந்த ஓட்டமும் சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது. துவாஸில் சரக்கு எடுக்க வேண்டியிருந்தால் அதற்கு இந்த வண்டியையே அனுப்புங்கள்.

டிபிஎஃப்பில் கரி எரிப்பு நடக்கும்போது அடையாளம் தெரியும். நிற்கையில் இன்ஜின் சற்று வேகமாக ஓடும், ரேடியேட்டர் விசிறி இரையும், சூடான வாசம் வரும், டீசல் மீட்டர் வழக்கத்தைவிட அதிகம் காட்டும். அப்போது சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்.

வண்டியை நிறுத்தும் முன் டர்போ ஆற வேண்டும் என்று இரண்டு மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. பல வருடங்களுக்கு முன் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர்கள் சொல்லிக்கொடுத்தது அது. அவர்களுக்கு அது சரி. சிங்கப்பூரில் வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிடுவது குற்றம், தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும். சட்டத்தையும் மீறாமல் டர்போவையும் காப்பாற்ற வழி இருக்கிறது. சேரும் இடத்துக்கு முன் கடைசி ஒரு கிலோமீட்டரை மிதமாக ஓட்டுங்கள். விரைவுச்சாலையை விட்டு இறங்கி நியூ பிரிட்ஜ் ரோட்டில் மூன்று சிக்னல் தாண்டி வருவதற்குள் டர்போ ஆறிவிடும். பாரத்தோடு ஏற்றம் ஏறி வந்து உடனே அணைப்பதுதான் ஆபத்து. தண்டைச் சுற்றி நிற்கும் ஆயில் அந்தச் சூட்டில் கருகிப் படிந்துவிடும்.

தெங்கா போன்ற கட்டுமான இடங்களில் சேற்றில் இறங்கும் வண்டிகளுக்கும், ஜொகூர்ப் பக்கம் தோட்டப்பாதையில் நான்கு சக்கர வண்டி ஓட்டப்போகும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வந்ததும் வெளிப்பக்கம் கழுவுவதோடு விடாதீர்கள். ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே புல்லும் சேறும் காய்ந்து அடைத்தால் காற்று போகாது, அடுத்த நாள் நகர நெரிசலில் இன்ஜின் கொதிக்கும். குழாய்த் தண்ணீரை மெதுவான வேகத்தில், முடிந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி விடுங்கள். வேகமாக அடிக்கும் எந்திரத்தைப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், ஒயர் இணைப்புகளிலும் தண்ணீர் ஏறும். சக்கர அச்சு முழுகும் ஆழத்தில் போயிருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

அப்படியானால் ரீமேப் எப்போது?

எல்லாம் சரிசெய்த பிறகும் வண்டிக்குப் பலம் போதவில்லை என்று தோன்றினால், முதலில் டயரைப் பாருங்கள். அழகுக்காகப் பெரிய டயர் போட்டால் கியர் விகிதமே மாறிவிடும். ஒவ்வொரு கியரிலும் இன்ஜின் குறைந்த சுற்றில் திணறும். கூட்டிக் கொடுக்கும் பலம் எல்லாம் அந்த டயரைச் சுற்றவே போகும். பழைய அளவுக்குத் திரும்புவதே அதற்கு மருந்து.

ரீமேப் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்தவர் கையில் அது நல்ல வேலை. ஆனால் கடைக்காரரிடம் சில கேள்விகள் கேளுங்கள். வண்டியை ஓட்டி, இன்ஜின் கேட்கும் காற்றழுத்தமும் டர்போ தரும் காற்றழுத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று பதிவு செய்து காட்டுவாரா? இன்ஜெக்டர்களின் திருத்த அளவுகளைக் காட்டுவாரா? பழைய மென்பொருளைப் பத்திரமாக எடுத்து உங்களிடம் தருவாரா? வெளியேறும் வாயுவின் சூட்டை அளப்பாரா? டர்போவுக்கு முன் தொடர்ந்து 700 டிகிரிக்கு மேல் ஏறினால் நான் கவலைப்படுவேன். டிபிஎஃப்பையும் ஈஜிஆரையும் எடுத்துவிடலாம் என்று அவர் பேச்சைத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வண்டி எந்த மாசுத் தரத்தில் பதிவானதோ அந்தத் தரத்தில்தான் ஓட வேண்டும். என்ன மாற்றுவதாக இருந்தாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டியைப் பார்த்து, காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஒயரில் செருகும் டியூனிங் பெட்டிகளை வாங்க வேண்டாம். அவற்றில் பலவும் செய்வது, டீசல் அழுத்தம் குறைவாக இருப்பதாக இன்ஜின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்வது. அதை நம்பிப் பம்பு இன்னும் அழுத்தும், இன்ஜெக்டரும் பம்பும் சீக்கிரம் தேயும்.

நம் வாசகரின் வண்டிக்கு 70 கிலோமீட்டர் உச்சவேகம், நகருக்குள் வேலை. தொழிற்சாலை தந்த பலமே அதற்குத் தாராளம். 2019இல் டீசல் வரி லிட்டருக்கு 10 காசிலிருந்து 20 காசாக ஏறிய நாளிலிருந்து வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் கையைக் கடிக்கிறது. இன்னும் சில ஆண்டில் இந்த வண்டிக்குப் பத்து வயது முடியும். வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். அப்போது இன்ஜின் சுத்தமாக இருந்தால்தான் புதுப்பிக்கும் பணத்துக்கு மதிப்பு இருக்கும்.

கடைசியாக ஒன்று, முதலாளிகள் எல்லோருக்கும். மேலே சொன்னவற்றில் பாதியை உங்கள் ஓட்டுநர் ஏற்கெனவே கவனித்திருப்பார். விளக்கு எரிந்த நாளும், புதுச் சத்தம் கேட்ட இடமும் அவருக்குத் தெரியும். புதுக்கோட்டையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்து வேலை பார்க்கும் தம்பிகள், கெடுத்தது நீதான் என்று பழி வருமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். காய்கறி வண்டித் தம்பியும் அப்படித்தான் இரண்டு மாதம் கரும்புகையோடு ஓட்டியிருக்கிறார். திங்கட்கிழமை காலை உங்கள் ஓட்டுநருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். பானெட்டைத் திறக்கட்டும், ஆயில் குச்சியை உருவட்டும், குழாய்களைத் தடவிப் பார்க்கட்டும். அன்று முதல் சரக்கு பத்து நிமிடம் தாமதமானால் அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.